கண்ணில் பட்டதா, கண் பட்டதா?

ஒரு காட்டில்... என்று தொடங்கியதும் சிங்கம் எங்கே, புலி எங்கே என்று தேடாதீர்கள். இது கொறங்காடு. கொங்கு நாட்டில் ஆடு மாடு மேய்வதற்கென்று கிளுவை வேலி போட்டு அடைத்து வைத்திருக்கும் புல்வெளிக்கும் காடு என்றுதான் பெயர். உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலாமரங்கள் நிற்கும். புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். வேலி அத்தனை நெருக்கம். சிங்கமே வந்தாலும் வாசலில் சாத்திய படலுக்கு வெளியே நின்றுதான் கூப்பிட வேண்டும்.

அந்தக் காட்டில் மயிலாத்தா என்று ஒரு பசு இருந்தாள். நல்லவள், பாசக்காரி. ஒரே ஒரு கோளாறு, பதற்றம். மரத்திலிருந்து காய்ந்த நெற்று ஒன்று விழுந்தால் போதும், மரமே விழுந்துவிட்டது என்று காட்டைச் சுற்றி ஓடுவாள். அவளுக்கு ஐந்து மாதத்தில் ஓர் ஆண் கன்று. பெயர் சிட்டான். அவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான். எதைக் கண்டாலும் முதலில் மூக்கை நுழைப்பான், பிறகுதான் அது என்னவென்று யோசிப்பான்.

ஒரு நாள் காலை, பனி காய்ந்து வெயில் ஏறும் நேரம். காட்டுக்காரரும் அவர் மனைவியும் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். மயிலாத்தா நிம்மதியாகப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது காட்டின் கீழ்மூலையிலிருந்து சிட்டான் நாலுகால் பாய்ச்சலில் ஓடிவந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான். மூச்சு வாங்கியது.

"அம்மா! கண்ணுல பட்டுருச்சும்மா!"

மயிலாத்தாவின் காதில் என்ன விழுந்தது தெரியுமா? "கண்ணு பட்டுருச்சு" என்று விழுந்தது!

நடுவில் இருந்த அந்த 'ல' எங்கே போனது? பாதி சிட்டானின் மூச்சிரைப்பில் போனது, மீதி மயிலாத்தாவின் பதற்றத்தில் போனது. 'கண்ணுல பட்டது' என்றால் ஏதோ ஒன்று கண்ணுக்குள் போய்த் தைத்தது என்று பொருள். 'கண்ணு பட்டது' என்றால் யாரோ பொறாமையாகப் பார்த்து, திருஷ்டி விழுந்தது என்று பொருள். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்து அன்று காடு முழுவதையும் ஆட்டிவைத்துவிட்டது.

"ஐயோ! எம் பையனுக்குக் கண்ணு பட்டுருச்சே! ஓடியாங்க, ஓடியாங்க!" என்று மயிலாத்தா போட்ட சத்தத்தில் வேலாமரத்துக் குருவிகளெல்லாம் பறந்துவிட்டன.

"இல்லம்மா, கண்ணு..."

"பேசாத சாமி, பேசாத! பேசினா இன்னும் அதிகமாயிரும்!"

அவள் இப்படிப் பதறியதற்குக் காரணமும் இருந்தது. போன வருஷம் அதே காட்டில் ஒரு வெள்ளாட்டுக் கிடாய்க்கு ஒரு கண் போய்விட்டது. பார்வை இல்லாத பக்கத்தில் வேலியைப் பார்க்காமல் மோதுவான், பள்ளத்தைப் பார்க்காமல் விழுவான். ஒரு நாள் படலுக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கிடாயை ஏற்றிக்கொண்டு போனது. அவன் திரும்பி வரவே இல்லை. அந்த வண்டியின் பின்கதவு சாத்திய சத்தம் மயிலாத்தாவுக்கு இன்னும் காதில் இருந்தது. சிட்டானுக்கு ஏதாவது ஆனால்?

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது செம்மி என்ற செம்மறி ஆடு. செம்மிக்குச் சொந்தமாக ஒரு யோசனையும் கிடையாது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவளுக்கு உண்மை.

"கண்ணு பட்டுருச்சா? ஆமாங்க்கா, கண்ணுதான் பட்டுருச்சு!" என்றாள், கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுத்து ஆடி அசைந்து வந்தாள் மாராயி என்ற எருமை. மாராயிக்கு எதிலும் அவசரம் இல்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் நாலு முறை அசைபோட்டுவிட்டுத்தான் முடிப்பாள்.

"அது வந்து..." என்றாள் மாராயி.

"நீங்க சித்த இருங்க்கா! பண்டிதர் வந்துட்டாரு!" என்று செம்மி கத்தினாள்.

வேலாமரத்தின் உச்சிக் கிளையில் காக்கை வந்து உட்கார்ந்தது. காட்டில் எல்லோரும் அதைப் பண்டிதர் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்ததும் அதேதான். எந்த நோய்க்கும் அதனிடம் மருந்து உண்டு. நோய் என்னவென்று கேட்பதற்கு முன்பே உண்டு.

"திருஷ்டி!" என்றது காக்கை. "சந்தேகமே வேண்டாம். நான் மூணு ஊரு பாத்தவன்."

"கீழ எறங்கி வந்து ஒருக்காப் பாக்கறீங்களாங்க?" என்று மயிலாத்தா கெஞ்சினாள்.

"பாக்கறதா? பாத்துத் தெரிஞ்சுக்கறவன் பண்டிதனா? நீ போட்ட சத்தத்தை வெச்சே நான் சொல்லிட்டேன்!"

"ஆகா!" என்றாள் செம்மி.

"அது வந்து... காலையில..." என்று தொடங்கினாள் மாராயி.

"ஆரு கண்ணு பட்டுதுன்னு சொல்லுங்க பண்டிதரே!" என்று மயிலாத்தா குறுக்கே பாய்ந்தாள். மாராயி பெருமூச்சு விட்டு அசைபோடப் போய்விட்டாள்.

காக்கை கழுத்தைச் சாய்த்துக்கொண்டது. "இந்தக் காட்டுல பொழுதன்னிக்கும் இமை கொட்டாம உங்களையே உத்து உத்துப் பாக்கறது ஆரு? மஞ்சக் கண்ணு ஆருக்கு இருக்குது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மாராயியின் பின்னங்காலுக்கு அருகே, ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது ஓர் உண்ணிக்கொக்கு. பெயர் வெள்ளிங்கிரி. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி துள்ளும், கொக்கு அதைப் பிடிக்கும். மாட்டின் காதில் உண்ணி இருந்தால் எடுத்துவிடும். உற்றுப் பார்க்காவிட்டால் கொக்குக்குச் சாப்பாடு ஏது? அதனால் வெள்ளிங்கிரி எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பான், பேச்சு மட்டும் குறைவு.

"அம்மிணி," என்றான் வெள்ளிங்கிரி மெதுவாக. "நான் கண்ணு வெக்கறது வெட்டுக்கிளி மேல. பையன் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கிட்டு நிக்கறான். நான் ஒருக்காப் பாக்கட்டுமா?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இப்பவும் கண்ணு வெக்கப் பாக்கறான்!" என்று காக்கை இறக்கையை அடித்துக்கொண்டு கூவியது.

அவ்வளவுதான். மயிலாத்தா கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தாள். "போய்யா அக்கட்டால! எம் பையன் மேல கண்ணு வெச்ச பாவி!"

பாவம் வெள்ளிங்கிரி, இரண்டு இறகு உதிர எழும்பிப் போய் வேலி மேல் உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக அவள் காதில் உண்ணி எடுத்தவன் அவன்தான். அவனுக்கு நிஜமாகவே மனசு வலித்தது.

இங்கே காக்கை கட்டளை மேல் கட்டளையாகப் போட்டது. "ஏழு வரமிளகாய் வேணும்! ஒரு கல்லு உப்பு வேணும்!"

பாறை மேல் காட்டுக்காரம்மா மிளகாய் காயப் போட்டிருந்தார். காக்கையே பறந்துபோய் ஏழு மிளகாயைத் தூக்கி வந்தது. மாடுகள் நக்குவதற்கு வைத்திருந்த உப்புக் கட்டியிலிருந்து செம்மி ஒரு துண்டைக் கடித்து வந்தாள். கிணற்று மேட்டில் காட்டுக்காரர் கூட்டி எரித்த சருகு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. எல்லோரும் சிட்டானைத் தள்ளிக்கொண்டு அங்கே போனார்கள். கூட்டம், கூச்சல், ஒரே அமர்க்களம்! சிட்டான் மட்டும் தலையைச் சாய்த்தபடி, "அம்மா, உறுத்துதும்மா, உறுத்துதும்மா" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். அந்த ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

காக்கை சிட்டானின் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றியது. "இப்ப இதை நெருப்புல போடுவேன். நெடி வரலைன்னா திருஷ்டி இருக்குதுன்னு அர்த்தம்!"

"நெடி வந்துருச்சுன்னாங்க?" என்று செம்மி கேட்டாள்.

"வந்தா திருஷ்டி இருந்து, இப்பக் கழிஞ்சு போச்சுன்னு அர்த்தம்!"

"அட! எப்படி வந்தாலும் பண்டிதர் சொன்னதுதான் சரியா வருது!" என்று செம்மி மெய்சிலிர்த்துப் போனாள்.

மிளகாய் நெருப்பில் விழுந்தது. அந்த நேரம் காற்று மேற்கே வீசிக்கொண்டிருந்தது. புகையெல்லாம் அந்தப் பக்கமாக வேலியைத் தாண்டிப் போனது. எல்லோரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். நெடியே இல்லை!

"திருஷ்டிதான்! கொடூரமான திருஷ்டி!" என்று காக்கை கத்தியது. "பையனை இன்னும் பக்கத்துல கொண்டாங்க!"

மயிலாத்தா பிள்ளையை முட்டி முட்டி நெருப்பருகே தள்ளினாள். சட்டென்று காற்று திரும்பியது!

அப்பப்பா! செம்மி தும்மினாள், நாலு கால்களும் தரையில் நிற்காத தும்மல். மாராயி இருமினாள். மயிலாத்தாவின் கண்ணும் மூக்கும் ஒழுகின. சிட்டான் "ஆ!" என்று அலறிவிட்டு முகத்தை மண்ணில் தேய்த்தான். காக்கை மட்டும் சுகமாக உட்கார்ந்திருந்தது. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, தெரியுமா? அதனால்தான் அதற்கு இந்த வைத்தியம் இத்தனை பிடித்திருந்தது.

"பாத்தீங்களா, நெடி வந்துருச்சு! திருஷ்டி போயே போச்சு!" என்றது காக்கை.

திருஷ்டி போயிருக்கலாம். சிட்டானின் வலி போகவில்லை. அவனுடைய கண் நன்றாக வீங்கி மூடிக்கொண்டது. தண்ணீர் கன்னத்தில் கோடு போட்டு வழிந்தது. ஈக்கள் வந்து அந்தக் கோட்டில் மொய்த்தன. தாகம் தாங்காமல் அவன் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போனான். நேராகப் போய்த் தொட்டியின் விளிம்பில் மோதிக்கொண்டான். டங்!

அந்தச் சத்தம் கேட்டு மயிலாத்தா ஓடிவந்தாள். போன வருஷம் கிடாய் மோதியதும் இதே தொட்டியில்தான். வண்டி, பின்கதவு, எல்லாம் அவள் கண்முன் வந்துவிட்டது.

"பண்டிதரே! எம் பையனுக்குக் கண்ணு தெரியலீங்களே!"

"அதுக்கும் மருந்து இருக்குது!" காக்கை கொஞ்சமும் அசரவில்லை. "காட்டுக்காரரு மென்னு துப்பின புகையிலை வேலிக்கடியில கெடக்குது. அதுல உப்பைச் சேத்து மென்னு கண்ணுக்குள்ள ஊதிடணும். சுரீர்னு இருக்கும். சுரீர்னு இருந்தாத்தான் அது மருந்து!"

"சுரீர்னு இருந்தாத்தான் மருந்து!" என்று சொல்லிக்கொண்டே செம்மி வேலிக்கு ஓடினாள். ஒரு வாய்ப் புகையிலையோடு திரும்பி வந்து, மயிலாத்தாவின் முன்னால் துப்பினாள்.

மயிலாத்தா அதை வாயில் எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் ஒரு கணம் நின்றாள். ஊதுவதென்றால் சரியான இடத்தில் ஊத வேண்டுமே!

"எந்தக் கண்ணுலங்க ஊதணும்?" என்று கேட்டாள்.

காக்கை விழித்தது. "எந்தக் கண்ணா? அது... வலது கண்ணு. வலதுதான்!"

மயிலாத்தா சிட்டான் பக்கம் திரும்பினாள். வலதா, இடதா? அவளுக்கே தெரியவில்லை. காலையிலிருந்து கத்தியிருக்கிறாள், ஓடியிருக்கிறாள், கொக்கை விரட்டியிருக்கிறாள், பிள்ளையைப் புகையில் தள்ளியிருக்கிறாள். எந்தக் கண் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"இடது கண்ணும்மா," என்றான் சிட்டான். அழுது அழுது அவன் குரல் கம்மியிருந்தது. "நீகூட இன்னும் பாக்கவே இல்லையேம்மா."

தன் மேல் தனக்கே வந்த வெட்கத்தில் மயிலாத்தா அந்தப் புகையிலையைக் குளம்பால் மண்ணில் போட்டு மிதித்தாள்.

"மருந்தை மிதிக்கிறயே!" என்றது காக்கை.

"எறங்கி வந்து பாக்காதவங்க மருந்து எம் பையனுக்கு வேண்டாம்!" என்றாள் மயிலாத்தா. சொல்லிவிட்டு ஓடினாள் பாருங்கள் ஓர் ஓட்டம், புழுதி பறக்க, வேலியை நோக்கி!

வெள்ளிங்கிரி வேலி மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா! நான் திட்டினேன், கொம்பால வெரட்டினேன். எம்மேல கோவம் இருந்தா அப்புறமேல் காட்டுங்கண்ணா. இப்ப வந்து எம் பையன் கண்ணைப் பாருங்க!"

வெள்ளிங்கிரி திரும்பினான். "கோவம் இருக்குது அம்மிணி. இல்லாம இருக்குமா? ஆனா கோவத்தை நாளைக்குக்கூட வெச்சுக்கலாம். கண்ணுக்கு இன்னிக்கே பாக்கணும். நட!"

சொல்லி முடிப்பதற்குள் அவன் பறந்துவிட்டான். மயிலாத்தா திரும்பி ஓடினாள்.

"மொதல்ல பையனை நெழலுக்குக் கொண்டாங்க," என்றான் வெள்ளிங்கிரி. "அடிபட்ட கண்ணு வெயிலுக்குத் தெறக்காது."

வேலாமரத்து நிழலில் நிறுத்தியதும் சிட்டானின் இமை ஒரு கீற்றுப் போலத் திறந்தது. வெள்ளிங்கிரி சும்மா நின்று பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் தெரியுமா? மயிலாத்தாவுக்கு ஒரு யுகம் போல இருந்தது. அவள் குளம்பு தானாகத் துள்ளியது. அதை மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"சாமி, நேத்து இந்தக் கண்ணு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க மாமா. இன்னிக்குக் காலையில ஓடறப்பத்தான் சுருக்குனுச்சு."

"வேற ஆருக்காவது கண்ணுல தண்ணி வடியுதா?"

"இல்லீங்க," என்றார்கள் எல்லோரும். "காலையில ஆருக்கும் இல்ல. இப்ப மிளகாயினால எல்லாத்துக்கும் வடியுது," என்றாள் செம்மி.

"ஈ கொண்டாற நோவா இருந்தா ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு வந்திருக்கும். பீளை கட்டியிருக்கும். இது ஒரே கண்ணு, திடீர்னு வந்திருக்குது, தெளிஞ்ச தண்ணியா வடியுது. ஏதோ உள்ள போய் உக்காந்திருக்குது." வெள்ளிங்கிரி தன் இறக்கையை மெதுவாக விரித்து, சத்தமில்லாமல் சிட்டானின் இடது பக்கம் கொண்டுபோனான். சிட்டான் சட்டென்று தலையை விலக்கினான்.

"பார்வை இருக்குது!" என்றான் வெள்ளிங்கிரி.

"இருக்குதா! எம் பையனுக்குக் கண்ணு தெரியுதா!" மயிலாத்தாவால் தாங்க முடியவில்லை. ஒரு துள்ளு துள்ளிவிட்டாள்.

"அது வந்து..." என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாராயி! இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை. செம்மி வாயைத் திறந்தாள். மயிலாத்தா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். மாராயி அசைபோட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள். இன்னும் ஒரு முறை அசைபோட்டாள்.

"காலையில... கீழ்மூலையில... ஊசிப்புல்லுக்குள்ள... பையன் மூஞ்சிய விட்டான். 'ஆ'ன்னு கத்திட்டு ஓடுனான். அதைத்தான்... வந்ததுல இருந்து... சொல்ல வாறேன்."

"அட என்ற சாமி!" என்று தலையில் அடித்துக்கொள்ள முடியாததால் மயிலாத்தா வாலால் முதுகில் அடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா கண்ணுல பட்டது ஊசிப்புல் முனை," என்றான் வெள்ளிங்கிரி. "மாட்டுக்குக் கண்ணுக்கு மூணு இமை. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, மூக்கு ஓரத்துல உள்ளுக்குள்ள ஒண்ணு. முனை அந்த மூணாவது இமைக்குப் பின்னால போய் ஒளிஞ்சிருக்கும். இமை கொட்டும்போதெல்லாம் அறுக்கும். தேச்சா இன்னும் அறுக்கும். பையனைத் தேய்க்க விடாதீங்க. தொட்டிக்கு நடங்க!"

தொட்டியின் மேலே ஒரு குழாயிலிருந்து கிணற்றுத் தண்ணீர் நூல் போல விழுந்துகொண்டிருந்தது. வெள்ளிங்கிரி சொன்னபடி சிட்டானின் முகத்தை அதன் கீழே சாய்த்துப் பிடித்தார்கள். தண்ணீர் கண்ணின் மூலையிலிருந்து ஓடி, மிளகாய்க் காரத்தையும் புழுதியையும் அடித்துக்கொண்டு போனது. சிட்டான் முதலில் உதறினான். பிறகு, "குளுகுளுன்னு இருக்குதும்மா," என்றான். ஓடட்டும், இன்னும் ஓடட்டும் என்றான் வெள்ளிங்கிரி.

கொஞ்ச நேரத்தில் அந்த மூன்றாவது இமையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு மயிரிழை எட்டிப் பார்த்தது.

"அதோ! வாலு வெளிய வந்துருச்சு!" என்று வெள்ளிங்கிரி முதல் முறையாகச் சத்தம் போட்டான். "அம்மிணி, இப்ப எடுத்துருவேன். ஆனா பையன் இம்மியும் அசையக் கூடாது. எம் மூக்கு கூரானது. அசைஞ்சா அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை."

மயிலாத்தா பார்த்தாள். ஈட்டி போல நீண்ட அலகு. அதற்கு எதிரே தன் பிள்ளையின் கண். கழுத்தை வளைத்துச் சிட்டானின் தலையைத் தொட்டியோடு சேர்த்து அணைத்துப் பிடித்தாள்.

"கொத்தப் போறான்! கண்ணைக் கொத்தப் போறான்! கிட்ட விடாத மயிலாத்தா!" என்று மரத்து மேலிருந்து காக்கை கூவியது.

காலையில் இருந்த மயிலாத்தாவாக இருந்தால் இந்நேரம் கொம்பைத் தூக்கியிருப்பாள். இப்போது அசையவில்லை. ஓர் ஈ வந்து அவள் மூக்கின் மேல் உட்கார்ந்தது. அதையும் விரட்டவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

வெள்ளிங்கிரி குனிந்தான். அலகு நெருங்கியது. இன்னும் நெருங்கியது...

டக்!

எடுத்துவிட்டான்! அவன் அலகு நுனியில் ஒரு நெல்லின் நீளம்கூட இல்லாத ஊசிப்புல் முனை ஒன்று, ஈரத்தோடு மினுங்கியது.

என்ன ஒரு குதியாட்டம் அன்று அந்தக் காட்டில்! மயிலாத்தா சிட்டானை நக்கினாள், வெள்ளிங்கிரியை நக்கினாள், பக்கத்தில் நின்ற பாவத்துக்குச் செம்மியையும் நக்கினாள். மாராயிகூட வேகமாக அசைபோட்டாள்.

"சித்த இருங்க," என்றான் வெள்ளிங்கிரி. அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். "முனை போச்சு. ஆனா கருவிழி மேல வெள்ளையா ஒரு கீறல் இருக்குது. அதை ஆத்தறது எம் மூக்குல ஆகற வேலை இல்லை. எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். இது காட்டுக்காரரு கண்ணுல படணும்."

"என்னது, காட்டுக்காரரு கண்ணு படணுமா?" என்று செம்மி திடுக்கிட்டாள்.

"கண்ணு-ல! கண்ணு-ல!" என்று காடே சேர்ந்து கத்தியது.

காட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது படலுக்கு நேர் எதிரே எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் சிட்டான், ஒரு கண்ணைச் சுருக்கியபடி. அவர் பார்த்தார். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

டாக்டரம்மா வந்தார். பண்டிதரைப் போலத் தூரத்திலிருந்து சொல்லவில்லை, நேராகச் சிட்டானிடம் குனிந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டுக் கழுவினார். கீறல் இருந்த இடம் மட்டும் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்தது.

"நல்ல வேளைங்க, ஆழமா இல்லை," என்றார். "உள்ளே ஏதோ இருந்து, தானா வெளிய வந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா கண்ணு போயிருக்கும். இந்தக் களிம்பை ஒரு நாளைக்கு மூணு தடவை போடுங்க. வெயிலைக் காட்டாதீங்க. மிளகாய், உப்பு, புகையிலை எதுவும் இவன் கண்ணு பக்கமே வரக் கூடாது. சரியாகுதான்னு நான் அடுத்த வாரம் வந்து பார்க்கறேன்."

'தானா வெளிய வந்திருக்கு' என்றதைக் கேட்ட வெள்ளிங்கிரி, சிட்டானின் கன்னத்தில் உட்காரப் போன ஓர் ஈயை லபக்கென்று பிடித்துத் தின்றான். அன்றிலிருந்து பத்து நாளும் அவனுக்கு அதுதான் வேலை, அதுதான் விருந்து.

பதினோராம் நாள் சிட்டான் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு காடு முழுவதும் ஓடினான். ஊசிப்புல் முளைத்த கீழ்மூலைக்கு மட்டும் போகவில்லை. மயிலாத்தா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் வேலாமரத்து உச்சியிலிருந்து ஒரு கூச்சல்! கூடு கட்டுவதற்கு முள்குச்சி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போன காக்கை, தலைகீழாக உருண்டு வந்து தொட்டிக்கு அருகே பொத்தென்று விழுந்தது.

"ஐயோ! கண்ணுல பட்டுருச்சே!"

செம்மி துள்ளி எழுந்தாள். "பண்டிதருக்குக் கண்ணு பட்டுருச்சாம்! ஏழு மிளகாய் கொண்டாங்க! புகையிலை எங்க, புகையிலை எங்க?"

"வேண்டாம்! சுத்தவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்!" என்று காக்கை மண்ணில் புரண்டுகொண்டே அலறியது. "வெள்ளிங்கிரி அண்ணா! மொதல்ல வந்து பாருங்கண்ணா!"

மயிலாத்தா நிதானமாக நடந்து வந்தாள். காக்கைக்கு அருகே குனிந்தாள்.

"எந்தக் கண்ணுலங்க?" என்று கேட்டாள்.

வெள்ளிங்கிரி ஒற்றைக்காலில் வந்து நின்றான். "பாக்கறேன். ஆனா நான் பாத்தா, கண்ணு வெக்கறேன்னு சொல்லுவீங்களே?"

"வைங்கண்ணா!" என்று கதறியது காக்கை. "நல்லா, உத்துக் கண்ணு வைங்க!"

நீதி: வலிக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே, வாயால் வைத்தியம் சொல்ல வேண்டும்.